மேலேறும் இரண்டு புள்ளிகள்: பைத்தான் நூலகத்தில் சார்புப் பாதைக் கணக்கீடு, 2008–2023

பைத்தான் நிரல்மொழியோடு சேர்ந்தே வரும் செந்தர நூலகத்தில் ஒரே வேலைக்கு இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒரு கோப்பு எங்கே இருக்கிறது, நாம் எங்கே நிற்கிறோம் என்ற இரண்டும் தெரிந்தால், இங்கிருந்து அங்கே போகும் வழியைச் சொல்வது அந்த வேலை. அப்படிக் கிடைக்கும் வழிக்குச் சார்புப் பாதை என்று பெயர். 2008 அக்டோபரில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பில் ஓஎஸ்.பாத் என்ற கூறில் ரெல்பாத் என்ற செயற்கூறு சேர்ந்தது. 2014 மார்ச்சில் வெளிவந்த 3.4ஆம் பதிப்பில் பாத்லிப் என்ற புதிய கூறு வந்தது; அதில் ரிலேட்டிவ்_டு என்ற மெத்தட் இருந்தது. ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டால் ரெல்பாத் ஏறக்குறைய எப்போதும் ஒரு விடை தரும். ரிலேட்டிவ்_டு பல சமயங்களில் விடை தராமல் பிழையை எழுப்பிவிட்டு நின்றுகொள்ளும். 2023 அக்டோபரில் 3.12ஆம் பதிப்பு வரும்வரை இந்த வேறுபாடு அப்படியே இருந்தது.

இதைப் பழைய நூலகத்துக்கும் புதிய நூலகத்துக்கும் இடையிலான வசதிக் குறைபாடாகப் பார்ப்பதுதான் வழக்கம். பாத்லிப் முழுமையாக எழுதப்படவில்லை, விட்டுப்போனதைப் பிறகு சேர்த்தார்கள் என்பது அந்தப் பார்வை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. '..' என்ற இரண்டு புள்ளிகள் ஒரு எழுத்துச் சரத்தின் பகுதியா, வட்டில் உள்ள ஓர் உண்மையான கோப்புறையா என்ற கேள்வி யூனிக்ஸ் தோன்றிய நாளிலிருந்தே தீராமல் கிடக்கிறது. பைத்தானின் இரண்டு கருவிகளும் அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட இரண்டு வேறு விடைகள்.

மரமும் அதன் வேரும்

கோப்புறைக்குள் கோப்புறை என்ற மர அமைப்பு யூனிக்ஸுக்கு முந்தையது. மல்டிக்ஸ் இயங்குதளத்துக்காக ஆர். சி. டேலியும் பி. ஜி. நியூமனும் 1965இல் அளித்த ஆய்வுரையில் அந்த அமைப்பு விரிவாகவே இருக்கிறது. மல்டிக்ஸில் படிநிலைகளைப் பிரிக்க '>' குறியைப் பயன்படுத்தினார்கள். ஒரு படி மேலே போக '<' குறியை எழுதினால் போதும். இங்கே கவனிக்க வேண்டியது, மேலே போவதற்கான அந்தக் குறி ஒரு கோப்பின் பெயரல்ல. அது பாதையின் இலக்கணம்.

யூனிக்ஸ் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பிடிபி-7 கணினியில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய முதல் வடிவத்தில் பாதை என்பதே கிடையாது. கோப்பின் பெயர் தனிப்பெயர்தான். அது நடப்புக் கோப்புறையில் இருக்க வேண்டும். வேறு கோப்புறையில் உள்ள கோப்பு வேண்டுமென்றால் அதற்கொரு இணைப்பை இங்கே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். யூனிக்ஸின் வளர்ச்சியைப் பற்றிப் பின்னாளில் எழுதிய கட்டுரையில் ரிச்சியே இந்தச் சங்கடத்தை விவரித்திருக்கிறார். பிறகு பிடிபி-11 கணினிக்கு மாறியபோது '/' குறியோடு கூடிய பாதைகள் வந்தன. 1974இல் ரிச்சியும் தாம்ப்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, ஒவ்வொரு கோப்புறையிலும் குறைந்தது இரண்டு பதிவுகள் இருக்கும் என்கிறது: தன்னையே குறிக்கும் '.', மேல் கோப்புறையைக் குறிக்கும் '..'. இவை வட்டில் எழுதப்பட்ட மெய்யான பதிவுகள். '..' என்று எழுதினால் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தப் பதிவைத் திறந்து, அது காட்டும் இடத்துக்குப் போகும். வேர்க் கோப்புறையின் '..' தன்னையே காட்டும்; அதற்கு மேல் போக இடமில்லை.

இந்த ஏற்பாட்டின் அழகே, மேலே போவதற்கென்று கெர்னலில் தனி விதி எதுவும் வேண்டியதில்லை என்பதுதான். மரம் மரமாக இருக்கும்வரை இலக்கணமும் பதிவும் ஒரே விடையைத்தான் தரும். '/அ/ஆ/..' என்பதும் '/அ' என்பதும் ஒன்றே.

1983இல் 4.2பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வடிவம் வெளிவந்தபோது அந்த நிலை மாறியது. சிம்லிங்க் எனப்படும் குறியீட்டு இணைப்புகள் அதில் வந்தன. ஒரு சிம்லிங்க்கின் உள்ளடக்கம் இன்னொரு பாதை. கெர்னல் அதைப் படித்துவிட்டு அங்கே தாவிவிடும். '/பணி/இன்று' என்பது '/கிடங்கு/2023/மே' என்ற கோப்புறைக்கான சிம்லிங்க் என்று வைத்துக்கொள்வோம். '/பணி/இன்று/..' எங்கே போகும்? எழுத்தை மட்டும் பார்த்தால் '/பணி'. கெர்னலைக் கேட்டால் '/கிடங்கு/2023'. சிம்லிங்க் வழியாகப் போனதும் நாம் நிற்பது 'மே' கோப்புறையில். அதன் '..' பதிவு அதன் உண்மையான தாயைத்தான் காட்டும். வந்த வழி அதற்குத் தெரியாது.

இந்த முரணை இன்றைக்கும் எந்த லினக்ஸ் கணினியிலும் பார்க்கலாம். பாஷ் ஷெல்லில் ஒரு சிம்லிங்க் கோப்புறைக்குள் போய் 'சிடி ..' கொடுத்தால் வந்த வழியே திரும்புவோம். அதே இடத்தில் நின்று 'எல்எஸ் ..' கொடுத்தால் வேறொரு கோப்புறையின் பட்டியல் வரும். முதலாவதை ஷெல் எழுத்துக் கணக்காகத் தீர்க்கிறது. இரண்டாவது கெர்னலுக்குப் போகிறது. கார்ன் ஷெல் தொடங்கிவைத்த இந்த வழக்கத்தைப் போசிக்ஸ் தரமும் ஏற்றுக்கொண்டது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ள இரண்டு விருப்பக் குறிகளையும் கொடுத்தது. தரம் வகுப்பவர்கள் ஒரு கேள்வியைத் தீர்க்க முடியாதபோது இரண்டு விடைகளையும் வைத்துவிட்டு ஒன்றை இயல்பாக்குவார்கள். இது அப்படிப்பட்ட இடம்.

இதைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று முயன்றவர் ராப் பைக். பிளான் 9 இயங்குதளத்தில் '..' முழுக்க முழுக்க எழுத்துக் கணக்காகவே நடக்கும்படி அவர் கெர்னலை மாற்றியமைத்தார். அதைப் பற்றி 2000ஆம் ஆண்டு யூஸ்னிக்ஸ் மாநாட்டில் கட்டுரையும் அளித்தார். அந்த இயங்குதளத்தில் சிம்லிங்க் இல்லை. ஆனால் ஒரு கோப்புறையை இன்னொரு இடத்தில் பிணைக்கும் வசதி இருந்ததால் அதே சிக்கல் அங்கேயும் இருந்தது. திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்போடும் அது எந்தப் பெயரால் திறக்கப்பட்டது என்பதையும் கெர்னல் நினைவில் வைத்துக்கொள்வதுதான் அவர் கண்ட தீர்வு. யூனிக்ஸ் வழிவந்த பிற இயங்குதளங்கள் இதைப் பின்பற்றவில்லை. பைத்தான் அந்தப் பிற இயங்குதளங்களிலும் ஓடுகிறது.

2008: விடை சொல்லும் கருவி

ஒரு பாதையைத் தொடக்கத்தோடு சேர்த்து முழுப் பாதையாக்குவதற்கான வசதி பைத்தானில் தொடக்க காலத்திலிருந்தே இருந்தது. அதன் எதிர்த்திசைக் கணக்கு மட்டும் நெடுநாள் இல்லை. இணைய முகவரிகளிலும் இதே சமச்சீரின்மையைக் காணலாம்: சார்பு முகவரியை முழு முகவரியாக்கும் விதிகளை 1995இல் வந்த ஆர்எஃப்சி 1808 என்ற இணையத் தர ஆவணம் வகுத்தது, 2005இல் வந்த ஆர்எஃப்சி 3986 படிப்படியான செய்முறையாகவே எழுதிவைத்தது. எதிர்த்திசைக்கு அப்படிப்பட்ட செய்முறை எதையும் அவை வகுக்கவில்லை. காரணம் எளிது. முழுதாக்கும் கணக்குக்கு ஒரே விடைதான். சார்பாக்கும் கணக்குக்குச் சரியான விடைகள் பல இருக்கலாம்.

தேவையோ இருந்துகொண்டே இருந்தது. ஆவணத் தொகுப்பை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது உள்ளிணைப்புகள் அறுபடாமல் இருக்க வேண்டும். பொதிக்கோப்புக்குள் போகும் பெயர்களில் நிரலாளரின் வீட்டுக் கோப்புறைப் பெயர் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது. சோதனை அறிக்கையில் கண்ணை உறுத்தும் நீளப் பாதைகளைச் சுருக்க வேண்டும். எனவே ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு செயற்கூறை எழுதிக்கொண்டார்கள். பாதையை ஒரு பொருளாகக் கையாளும் வெளி நூலகங்களிலும் அது இருந்தது. அப்படியொரு பொருளைச் செந்தர நூலகத்தில் சேர்க்க 2006இல் முன்வைக்கப்பட்ட பெப் 355 என்ற முன்மொழிவு நிராகரிக்கப்பட்டது. பொருள் வராமல் போனாலும், அதன் ஓர் உறுப்பாக இருந்திருக்கக்கூடிய இந்தக் கணக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தனிச் செயற்கூறாக உள்ளே வந்தது.

ரெல்பாத் செய்யும் வேலையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். இரண்டு பாதைகளையும் முதலில் முழுப் பாதைகளாக்கும். '/' குறியில் வெட்டிப் பட்டியலாக்கும். இரண்டு பட்டியல்களிலும் தொடக்கத்திலிருந்து எத்தனை பெயர்கள் ஒத்துப்போகின்றன என்று எண்ணும். தொடக்கப் பாதையில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு '..' வைக்கும். அதன் பின்னால் இலக்குப் பாதையில் மிஞ்சியதை ஒட்டும். இரண்டு பேர் என்ன முறையாக வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பொதுவான பாட்டன்வரை ஏறி, பிறகு மறு கிளையில் இறங்கும் கணக்குத்தான் இது. '/நூலகம்/இதழ்கள்/2008/அக்டோபர்' என்ற கோப்புறையிலிருந்து '/நூலகம்/நூல்கள்/வரலாறு' என்ற இடத்துக்கு '../../../நூல்கள்/வரலாறு' என்று விடை வரும்.

ஒத்துப்போகும் பகுதியைக் கண்டுபிடிக்க, நூலகத்தில் ஏற்கெனவே இருந்த காமன்பிரிஃபிக்ஸ் என்ற செயற்கூறையே ரெல்பாத் பயன்படுத்திக்கொண்டது. இந்த மறுபயன்பாட்டில் ஒரு சுவையான முரண் உண்டு. காமன்பிரிஃபிக்ஸ் ஓஎஸ்.பாத் கூறுக்குள் இருந்தாலும் அதற்குப் பாதை என்றால் என்னவென்று தெரியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், அவ்வளவே. '/வீடு/கடிதம்', '/வீடு/கடை' என்ற இரண்டு சரங்களைக் கொடுத்தால் '/வீடு/கட' என்று திருப்பித் தரும். அப்படியொரு கோப்புறை எங்கும் இல்லை. தமிழ்ப் பெயர் என்றால் எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுகிறது: உயிர்க்குறி போய்விட்டது, மெய் மட்டும் மிஞ்சி அகர உயிர்மெய்யாக நிற்கிறது. இதை நம்பிப் பாதுகாப்புச் சோதனை எழுதி ஏமாந்த நிரல்கள் நிறைய. ரெல்பாத் சரங்களைக் கொடுக்காமல் வெட்டிய பட்டியல்களைக் கொடுத்ததால் பிழைத்தது. பட்டியலில் ஓர் உறுப்பு என்பது ஒரு முழுப் பெயர். உண்மையிலேயே பாதையைப் பாதையாக ஒப்பிடும் காமன்பாத் 2015இல், 3.5ஆம் பதிப்பில்தான் வந்தது.

முதல் வடிவத்தில் வேர்க் கோப்புறை தொடர்பான ஒரு பிழை இருந்தது. '/' என்ற சரத்தை '/' குறியில் வெட்டினால் இரண்டு வெற்றுச் சரங்கள் கிடைக்கும். விளைவாக, வேரிலிருந்து '/அ' என்ற இடத்துக்கு வழி கேட்டால் 'அ' என்று வராமல் '../அ' என்று வந்தது. இந்த விடையைக் கெர்னலிடம் கொடுத்தால் சரியான இடத்துக்கே போய்ச் சேரும், வேரின் '..' வேரையே காட்டும் அல்லவா? எழுத்தில் தவறு, வட்டில் சரி. பின்னர் வெற்றுப் பெயர்களை வடிகட்டி இதைச் சரிசெய்தார்கள்.

இன்னொரு பண்பு பிழையல்ல, முடிவு; ஆனால் கேள்விக்குரிய முடிவு. முழுப் பாதையாக்கும் முதல் படியிலேயே, கொடுத்த பாதை சார்புப் பாதையாக இருந்தால், நிரல் இயங்கும் நடப்புக் கோப்புறையை ரெல்பாத் கேட்டு வாங்கிக்கொள்கிறது. தொடக்கம் எதுவென்று சொல்லாமல் விட்டாலும் அதையே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரே அழைப்பு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு விடை தரலாம். நடப்புக் கோப்புறை நடுவில் அழிக்கப்பட்டிருந்தால் விடையே வராது. அதே படியில் '..' குறிகளும் எழுத்துக் கணக்காகவே அடித்து நீக்கப்படுகின்றன. வட்டில் அந்தப் பாதை உண்மையில் எதைக் குறிக்கிறது என்று ரெல்பாத் பார்ப்பதில்லை. இது வெறும் பாதைக் கணக்கு, கோப்பு இருக்கிறதா என்றுகூடச் சோதிப்பதில்லை என்று ஆவணமும் சொல்கிறது. முந்தைய எடுத்துக்காட்டில் '/பணி/இன்று' என்ற இடத்திலிருந்து '/பணி/குறிப்பு' என்ற கோப்புக்கு வழி கேட்டால் '../குறிப்பு' என்று கூசாமல் சொல்லும். அந்த வழியே போனால் '/கிடங்கு/2023/குறிப்பு' என்ற, அநேகமாக இல்லாத ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருப்போம்.

விண்டோஸில் விடை இல்லாமலே போகும் ஒரு நிலையும் உண்டு. சி: டிரைவிலிருந்து டி: டிரைவுக்குச் சார்புப் பாதை கிடையாது, இரண்டுக்கும் பொதுவான வேர் இல்லை. அங்கே ரெல்பாத் வேல்யூ எரர் என்ற பிழையை எழுப்புகிறது. எப்போதும் விடை சொல்லும் கருவி என்று அதைச் சொல்ல முடியாமல் 'ஏறக்குறைய' என்று நான் எழுதியது இதனால்தான். விண்டோஸில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று என்பதால் பெயர்களை ஒப்பிடும் முன் சமன்செய்ய வேண்டியும் இருந்தது.

பெயர் ஒப்பீட்டில் தமிழுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் இங்கே குறித்துவைக்கலாம். 'தொகுப்பு' என்ற கோப்புறைப் பெயரில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். யுனிகோடு விதிப்படி இரண்டும் நிகர், கண்ணுக்கும் ஒன்றே. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்துவைக்கும். விசைப்பலகையில் அடித்த பாதை ஒரு வடிவத்திலும் கோப்பமைப்பிலிருந்து படித்த பாதை இன்னொரு வடிவத்திலும் இருந்தால், பைத்தானின் சர ஒப்பீட்டுக்கு அவை வேறு வேறு. அப்போது ரெல்பாத் ஒரு படி மேலேறி, அதே கோப்புறைக்குள் மறுபடி இறங்கும் விசித்திரமான விடையைத் தரும். லினக்ஸிலோ அவை உண்மையிலேயே இரண்டு தனித்தனிக் கோப்புறைகளாக அடுத்தடுத்து இருக்க முடியும். வட்டைக் கேட்காமல் எது சரி என்று சொல்ல வழியில்லை.

2014: மறுக்கும் கருவி

பாத்லிப்பை முன்மொழிந்த பெப் 428ஐ 2012இல் எழுதியவர் ஆந்துவான் பித்ரூ. நிராகரிக்கப்பட்ட பெப் 355இல் பாதை என்பது சரத்தின் ஒரு வகை. பித்ரூ அதைக் கைவிட்டார். பாதையைத் தனிப் பொருளாக்கினார். அதையும் இரண்டாகப் பிரித்தார்: வட்டைத் தொடாமல் பெயர்களை மட்டும் கையாளும் தூய பாதை ஒன்று, வட்டில் கோப்பைத் திறக்கவும் படிக்கவும் தெரிந்த பருப்பாதை ஒன்று. பாத்லிப்பின் மற்ற எல்லாவற்றையும்விட இந்தப் பிரிவினையே முக்கியமானது என்பது என் கணிப்பு. ஓஎஸ்.பாத் கூறில் பக்கம் பக்கமாகக் கலந்துகிடந்த இரண்டு வகைச் செயல்களுக்கு நடுவே முதல்முறையாக ஒரு வேலி போடப்பட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் தூய பாதைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: பெயர்களை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடிந்ததையே அது சொல்ல வேண்டும். அதனால் பாத்லிப் இரட்டை '/' குறிகளைச் சுருக்கும், ஒற்றைப் புள்ளிகளை நீக்கும்; '..' குறியை மட்டும் தொடாது. சிம்லிங்க் இருந்தால் பொருள் மாறிவிடும் என்று ஆவணம் காரணம் சொல்கிறது. ரிலேட்டிவ்_டு மெத்தடின் மறுப்பையும் இதே நியாயத்தின் தொடர்ச்சியாகவே படிக்க வேண்டும். இலக்கு தொடக்கத்துக்கு உள்ளே இருந்தால் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியைத் தரும். இல்லையென்றால் வேல்யூ எரர். இருக்கும் '..' குறியை நீக்கவே அஞ்சும் ஒரு நூலகம், இல்லாத '..' குறியைத் தானாகச் சேர்த்தால் எப்படி? இரண்டும் ஒரே அனுமானத்தில்தான் நிற்கின்றன.

கொள்கையளவில் பாத்லிப்பின் மறுப்பு சரி. நடைமுறையில் அது யாரையும் சரியான வழிக்குத் திருப்பவில்லை. பிழைச்செய்தியைக் கண்ட நிரலாளர் சிம்லிங்க்குகளைப் பற்றி யோசிக்கவில்லை. பாதைப் பொருளைத் தூக்கி ரெல்பாத்திடம் கொடுத்து, வந்த சரத்தை மறுபடி பாதைப் பொருளாக்கிக்கொண்டார். 2016இல் 3.6ஆம் பதிப்பிலிருந்து ஓஎஸ்.பாத் செயற்கூறுகள் பாதைப் பொருள்களை நேரடியாகவே ஏற்கத் தொடங்கியதால் அந்தச் சுற்றுவழி இன்னும் சுலபமானது. வேலி இருந்தது, பக்கத்திலேயே திறந்த வாசலும் இருந்தது.

பிற மொழிகளின் சான்று

இதே கேள்வியைப் பிற மொழிகள் எப்படி எதிர்கொண்டன என்பது பைத்தானின் வரலாற்றுக்கு வெளிச்சம் தருகிறது. ஜாவாவின் பாதை கிட்டத்தட்ட எதிர்த்திசையில் ஓடியது. 2002இல் 1.4ஆம் பதிப்பில் வந்த யூஆர்ஐ வகுப்பின் ரிலேட்டிவைஸ், முன்பகுதி பொருந்தாவிட்டால் பிழை எழுப்பாமல், கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். 2011இல் ஜாவா 7இல் வந்த பாத் இடைமுகத்தின் ரிலேட்டிவைஸ் '..' சேர்த்தே விடை தந்தது. ஆனால் சிம்லிங்க் இருந்தால் அந்த விடை அதே கோப்புக்குப் போய்ச்சேருமா என்பது செயலாக்கத்தைப் பொறுத்தது என்று ஆவணத்திலேயே எடுத்துக்காட்டோடு கைகழுவியது.

கோ மொழியின் ரெல், எழுத்துக் கணக்குத்தான் செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடும். நடப்புக் கோப்புறையைத் தெரிந்துகொண்டால்தான் விடை சொல்ல முடியும் என்ற நிலை வந்தால் பிழையைத் திருப்பித் தரும். பைத்தானின் ரெல்பாத் சத்தமில்லாமல் செய்த காரியத்தைக் கோ வெளிப்படையாக மறுக்கிறது. கோவை உருவாக்கியவர்களில் ராப் பைக்கும் ஒருவர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தக் கறார் வியப்பளிக்காது. பாதையைச் சுத்தம்செய்யும் கிளீன் செயற்கூறின் ஆவணம் அவருடைய பிளான் 9 கட்டுரையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

ரஸ்ட் மொழியின் செந்தர நூலகத்தில் முன்பகுதியை வெட்டித்தரும் செயற்கூறு மட்டுமே உண்டு. '..' சேர்க்கும் கணக்கு ரஸ்ட் தொகுப்பியின் மூலநிரலுக்குள் இருந்தது. அதைத் தழுவி எழுதிய பாத்டிஃப் என்ற வெளித்தொகுப்பைத்தான் இன்றும் பலர் பயன்படுத்துகிறார்கள். டாட்நெட்டில் 2017இல் டாட்நெட் கோர் 2.0 வரும்வரை இதற்கென்று ஒன்றுமே இல்லை. இணைய முகவரிக்கான வகுப்பைக் கொண்டு ஒப்பேற்றி, இடைவெளிகளெல்லாம் சதவீதக் குறிகளாக மாறி வந்ததைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் நேர்மையான தீர்வு சி++17 தரத்தில் உள்ளது என்று நினைக்கிறேன். அங்கே ஒரே கணக்குக்கு இரண்டு பெயர்கள். லெக்சிகலி_ரிலேட்டிவ் எழுத்தை மட்டும் பார்க்கும், வட்டைத் தொடாது. அது அதன் பெயரிலேயே இருக்கிறது. ரிலேட்டிவ் என்பது இரண்டு பாதைகளையும் முதலில் வட்டில் சரிபார்த்து, சிம்லிங்க்குகளை அவிழ்த்து, பிறகு அதே எழுத்துக் கணக்கைச் செய்யும். எதை அழைக்கிறோம் என்று அறியாமல் ஒருவர் தவறான ஒன்றை அழைக்க முடியாது. பைத்தானிலும் இந்தப் பிரிவினைக்கு வேண்டிய அடித்தளம், அதாவது தூய பாதையும் பருப்பாதையும், 2014லேயே போடப்பட்டிருந்தது. அதன்மேல் இதைக் கட்டவில்லை என்பதுதான் குறை.

2023: ஒரு விருப்ப அளபுரு

ரிலேட்டிவ்_டு மெத்தட் '..' சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் அதற்கான திருத்தமும் 2020இல் பைத்தானின் பிழைப்பதிவேட்டுக்கு வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.9ஆம் பதிப்பில், ஒரு பாதை இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்று ஆம், இல்லை என மட்டும் சொல்லும் இஸ்_ரிலேட்டிவ்_டு சேர்ந்தது. '..' சேர்க்கும் திருத்தம் உள்ளே வர மேலும் மூன்று ஆண்டுகள் ஆயின. 3.12ஆம் பதிப்பில் அது வாக்_அப் என்ற விருப்ப அளபுருவாக வந்தது. இயல்பு நிலையில் அது அணைந்தே இருக்கும். பழைய மறுப்பு மாறவில்லை. மெய் என்று கொடுத்தால் மேலேறும். ரெல்பாத்தோடு ஒத்துப்போவதற்காகவே இது என்று வெளியீட்டுக் குறிப்பும் சொன்னது.

முழுக்க ஒத்துப்போனதா? இல்லை. செயலாக்கத்தைப் படித்தால் வேறுபாடு தெரிகிறது. ரெல்பாத் இரண்டு பாதைகளையும் முன்கூட்டியே முழுதாக்கி, '..' குறிகளை அடித்துவிட்டுத் தொடங்குகிறது. வாக்_அப் அப்படிச் செய்வதில்லை. தொடக்கப் பாதையை எடுத்துக்கொண்டு, அது இலக்கின் முன்பகுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையென்றால் ஒரு படி மேலேறி மறுபடி பார்க்கிறது. அப்படி ஏறும்போது கடக்க வேண்டிய பெயர் '..' என்றே இருந்தால், இதன் மேல் ஏற முடியாது என்று வேல்யூ எரரை எழுப்பிவிடுகிறது. காரணம் நியாயமானதே. '../வரைவு' என்ற இடத்திலிருந்து மேலே ஏறலாம். அங்கிருந்து இன்னும் ஒரு படி மேலே என்பது நாம் முதலில் நின்ற கோப்புறையின் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் எதிர்த்திசையில் எழுத முடியாத ஒன்று. ஒரு பாதை முழுப் பாதையும் மற்றது சார்புப் பாதையுமாக இருந்தாலும் இதே மறுப்புதான். நடப்புக் கோப்புறையைக் கேட்டு இடைவெளியை நிரப்பிக்கொள்வதில்லை.

இந்த மறுப்பு ரூபி மொழிக்காரர்களுக்குப் பழக்கமானது. ரூபியின் பாத்நேம் வகுப்பில் உள்ள ரிலேட்டிவ்_பாத்_ஃபிரம், தொடக்கப் பாதையைச் சுத்தம்செய்து பொதுப் பகுதியைக் கழித்த பிறகும் '..' மிஞ்சியிருந்தால் பிழை எழுப்பும். பைத்தான் 2023இல் வந்தடைந்த எல்லையை ரூபி எப்போதோ வரைந்துவிட்டது.

ஆக, வாக்_அப் செய்தது பாதி ஒப்புதல். சிம்லிங்க் பற்றிய அச்சத்தை அது நிரலாளரின் பொறுப்புக்கு மாற்றிவிட்டது. நடப்புக் கோப்புறை பற்றிய கட்டுப்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே 3.12இல் உள்ள ரிலேட்டிவ்_டு, ரெல்பாத்தின் நகல் அல்ல. கோவின் ரெல் செயற்கூறுக்கே அது நெருங்கிய உறவு. பழைய கருவியோடு ஒப்பிட்டால் அது கெடுபிடி கூடியது. என் பார்வையில் இது நல்லதே: எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறாத விடை வேண்டும் என்பவர்களுக்கு ரெல்பாத் ஒருபோதும் பொருத்தமாக இருந்ததில்லை.

எஞ்சியிருக்கும் அபாயம் இஸ்_ரிலேட்டிவ்_டு பக்கம்தான். பயனர் கொடுக்கும் கோப்புப் பெயர் அனுமதித்த கோப்புறைக்குள்தான் இருக்கிறதா என்று சோதிக்க அதை எடுத்துக்கொள்வது இயல்பாகத் தோன்றும். '/பொது/கோப்புகள்/../../ரகசியம்' என்ற பாதை '/பொது/கோப்புகள்' என்பதற்குள் இருக்கிறதா என்று கேட்டால் 'ஆம்' என்றே அது சொல்லும். எழுத்தளவில் அந்த விடை சரி. கெர்னல் திறக்கப்போவது '/ரகசியம்'. இதை எச்சரித்து ஆவணத்தில் பிறகு குறிப்பு சேர்த்தார்கள், '..' குறிக்குத் தனிப்பொருள் எதுவும் கொடுக்கப்படாது என்கிறது அது. வாக்_அப் பற்றிய பகுதியிலும், பாதையில் சிம்லிங்க் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறது, தேவையானால் முதலில் ரிசால்வ் மெத்தடை அழைத்து அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பு இருக்கிறது. ரிசால்வ் என்பது பருப்பாதைக்கு மட்டுமே உள்ள மெத்தட். அது வட்டைப் படிக்கும். படித்த கணத்துக்கும் பயன்படுத்தும் கணத்துக்கும் இடையில் யாராவது சிம்லிங்க்கை மாற்றினால் அதுவும் காப்பாற்றாது.

ஓஎஸ்.பாத் செயற்கூறுகளுக்கு இணையான பாத்லிப் மெத்தடுகளை வரிசைப்படுத்தும் அட்டவணை ஒன்று பைத்தான் ஆவணத்தில் உண்டு. ரெல்பாத்துக்கு எதிரே ரிலேட்டிவ்_டு இருக்கிறது, அடிக்குறிப்போடு. முன்னது பாதைகளை முழுதாக்கி '..' குறிகளை நீக்குகிறது, பின்னது எழுத்துக் கணக்கு மட்டுமே, வேர்கள் வேறானால் பிழை எழுப்பும் என்று அந்த அடிக்குறிப்பு பிரித்துக் காட்டுகிறது. இரண்டில் எதையும் கைவிடும் திட்டம் அறிவிக்கப்படவில்லை.